கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள்

ஏ9 வீதியால் பரந்தனில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் வருகிறவர்கள் கவனித்திருப்பார்கள். திருவிழாப் பதாகைக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும் நடுவில் இப்போது பள்ளிக்கூட விளம்பரமும் தொங்குகிறது. 'நூறு வீதச் சித்தி', 'லண்டன் பாடத்திட்டம்', 'முற்றிலும் ஆங்கில மொழிமூலம்', 'ஸ்மார்ட் வகுப்பறை'. நான் அரச பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அதனால் கலியாண வீட்டுப் பந்தியிலும் செத்த வீட்டுக் கதிரையிலும் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "சேர், எந்தப் பிரைவேட் ஸ்கூல் திறம்?"

பெயர் சொல்லிப் பதில் சொல்வதில்லை. போன வருடம் நன்றாக இருந்த இடம் இந்த வருடம் அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லலாம். என் தங்கையின் மகள் தன் பிள்ளையை மூன்றாம் தரத்தில் சேர்க்க இடம் தேடியபோது, "மாமா, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றாள். அவளோடு அலைந்ததில் பார்த்ததையும், பிறகு கேட்டு வந்த மற்றவர்களோடு போய்ப் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களைப் பார்த்து 'பவுசு' என்று சிரிக்கிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டம் இல்லை. இன்று சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிற வன்னிப் பெற்றோர் யார்? ஏ.எல். (உயர்தர) வகுப்பில் இருந்திருக்க வேண்டிய வயதில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கொப்பி விரித்தவர்கள். வேலை நேர்முகத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்ததும் வாயடைத்துப் போய் வெளியே வந்தவர்கள். தங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று நினைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. அந்த நினைப்பை வைத்துத்தான் வியாபாரமும் நடக்கிறது என்பதால்தான் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது. அதற்குப் பிறகு கல்வி அமைச்சின் அங்கீகாரத்தோடு நடக்கும் தனியார் பாடசாலைகள் நாட்டில் கொஞ்சம்தான் மிஞ்சின. 'சர்வதேச பாடசாலை' என்று இன்று நாம் சொல்பவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை. நான் படிப்பித்த காலத்தில் வலயக் கல்விப் பணிமனையில் இருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து கடைசி வாங்கில் குந்தியிருந்து பாடத்தைப் பார்ப்பார். பாடக்குறிப்பு எங்கே என்று கேட்பார். வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வந்தால் இரண்டு நாளைக்குப் பள்ளிக்கூடமே பதறும். அந்தக் கண் எப்போதும் கூர்மையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். தேத்தண்ணியோடு முடிந்துபோன மேற்பார்வைகளும் உண்டு. ஆனால் கம்பனியாகப் பதிந்த பள்ளிக்கூடத்துக்கு அதுகூட வராது. அந்த ஆலோசகரின் வேலையைக் காசு கட்டுகிற பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது?

கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள் என்று வன்னி ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996இல் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்கள் ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் மரத்துக்குக் கீழேயும் ஓலைக் கொட்டில்களிலும் நடந்தன. அந்தக் கொட்டில்களில் படித்து எஞ்சினியரானவர்கள் இருக்கிறார்கள். இருந்தும், நாங்கள் போன முதல் இடத்தில் ஏசியும் சுவரளவு ரீவியும் இருந்ததைப் பார்த்ததும் மருமகளின் முகம் மலர்ந்துவிட்டது. அதிபர் ரீவியைப் போட்டுக் காட்டினார். இதயம் எப்படி அடிக்கிறது என்று ஒரு காணொளி. நல்ல காணொளிதான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரீச்சரும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிறுத்தினார். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் ஒரு கணிதக் கொப்பி பார்க்கலாமா என்று கேட்டேன். கொண்டுவந்தார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளையின் கொப்பி. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அது எனக்குத் தேவையில்லை. முதலாம் பிள்ளை எந்தக் கொட்டிலிலும் படிக்கும். நடுவில் இருக்கிற பிள்ளையின் கொப்பியைக் கேளுங்கள். தயங்கினால், அந்தப் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையை ஊரில் தேடிப் பிடியுங்கள். வன்னியில் இது பெரிய காரியமில்லை, ஸ்கூல் வான்காரரைக் கேட்டாலே போதும்.

மருமகள் வீட்டில் இருந்து இரண்டு வளவு தள்ளி அப்படி ஒரு பெடியன் இருந்தான், நான்காம் தரம். தாய் கொப்பியைப் பெருமையோடுதான் தந்தார். பிரவுண் பேப்பர் உறை, அதற்கு மேல் பொலித்தீன். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி அடையாளம், மூலையில் நட்சத்திர ஸ்டிக்கர். புரட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். சரி போட்டிருந்தது. அடுத்த வரியில் 3/4 + 1/2 = 4/6. அதற்கும் சரி. பக்கத்தின் கீழே ஒரு ஸ்டிக்கர்.

பெடியனைக் கூப்பிட்டேன். "தம்பி, நீ அரை றொட்டி சாப்பிட்டாய். பிறகு அம்மா இன்னொரு றொட்டியில மூண்டில ஒரு பங்கு தந்தவ. அதையும் சாப்பிட்டாய். எல்லாமா நீ சாப்பிட்டது அரை றொட்டியை விடக் கூடவோ, குறையவோ?"

"கூட."

"அப்ப அஞ்சில ரெண்டு பங்கு அரையை விடக் கூடவோ?"

விரலை மடித்து மடித்துப் பார்த்தான். "குறைய." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "அப்ப மிஸ் ஏன் சரி போட்டவ?"

நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. அவனிடம் ஒரு குறையும் இல்லை. அந்தக் கொப்பியை யாரும் வாசிக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒரு பக்கத்துக்கு ஒரு சிவப்புக் கோடு என்று கை மட்டும் ஓடியிருக்கிறது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வேறு வேறு பகுதி எண் உள்ள பின்னங்களைக் கூட்டுவது எங்கள் தேசியப் பாடத்திட்டத்தில் ஆரம்பப் பிரிவுப் பாடமே இல்லை. "எங்கட பிள்ளையள் கவர்மென்ட் ஸ்கூலை விட ரெண்டு வருசம் முன்னுக்கு" என்று அந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொள்வது இதைத்தான். முன்னுக்கு ஓடுவதைத் தரம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். நான்காம் தரத்தில் அட்சரகணிதம் என்றால் காது குளிர்கிறது. நான் கணித ஆசிரியனாகச் சொல்கிறேன்: ஓ.எல். (சாதாரண தர) கணிதத்தில் W வாங்கிச் சித்தியடையாமல் போகிற பிள்ளைகளில் அனேகமானோர் பதினோராம் தரத்துப் பாடத்தில் தடுக்கி விழுவதில்லை. அவர்கள் விழுவது பின்னத்திலும் கழித்தலிலும் நெடும்பிரித்தலிலும்தான்.

பிறகு ஒரு சின்ன இடத்துக்குப் போனோம். வாடகை வீடு, பின்னால் தகரம் போட்ட மண்டபம். மருமகளுக்கு முதல் பார்வையில் பிடிக்கவில்லை. மலசலகூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் காதில் முணுமுணுத்தாள். (அது சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றுதான் இருந்தது.) அங்கே கொப்பி கேட்டபோது அந்த ரீச்சர் மேசையில் இருந்த அடுக்கை அப்படியே தள்ளிவிட்டார். எடுத்ததில் ஒன்று மூன்றாம் தரத்துப் பிள்ளையுடையது. 503இல் இருந்து 267ஐக் கழிக்கும் கணக்கு. பிள்ளை 364 என்று எழுதியிருந்தது. பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துக்கொண்டு போனால் வருகிற விடை அது. மூன்றாம் தரத்தில் எந்தப் பிள்ளையும் செய்யும் பிழை. ரீச்சர் வெறும் பிழை அடையாளம் போட்டு விட்டுவிடவில்லை. 3ஐயும் 7ஐயும் வட்டம் போட்டு, "உன்னிடம் 3 ரூபா இருக்கிறது, 7 ரூபா கொடுக்க முடியுமா? எங்கே மாற்றி எடுக்கலாம்?" என்று எழுதியிருந்தார். கீழே பிள்ளை அழித்து அழித்துச் செய்து 236க்கு வந்திருந்தது. அடுத்த நாள் திகதியில் அதே மாதிரிக் கணக்கு மூன்று, எல்லாவற்றிலும் நடுவில் பூச்சியம். அந்த ரீச்சர் அந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே திரும்பத் திரும்ப வேலை கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்து பிள்ளைக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே மருமகளுக்குச் சொன்னேன்: "பிள்ளை, பிழையே இல்லாத கொப்பிதான் எனக்குப் பயம்."

கணிதக் கொப்பியோடு தமிழ்க் கட்டுரைக் கொப்பியையும் பாருங்கள். ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளுடையதை ஒன்றாக வையுங்கள். 'எனது வீடு' என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். எல்லோருடைய வீட்டுக்கு முன்னாலும் ஒரு மாமரமும், எல்லா மாமரத்திலும் கிளியும் இருந்தால், கரும்பலகையில் இருந்து பார்த்து எழுதியது. ஒரு பிள்ளையின் வீட்டில் ஆடு கட்டியிருக்கிறது, இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை என்று வந்தால், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, அது பிள்ளை எழுதியது.

பெறுபேற்று விளம்பரத்துக்கு வருகிறேன். 'நூறு வீதம்' என்பது எத்தனை பேரில் என்று கேட்டால் போதும். எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகள் பல இளம் பள்ளிகள். பத்தாம், பதினோராம் தரத்தில் ஒரு வாங்கை நிரப்பும் அளவுக்குத்தான் பிள்ளைகள் இருப்பார்கள். நாலு பேர் எழுதி நாலு பேரும் சித்தியென்றால் நூறு வீதம்தான். ஆறாம் தரத்தில் எத்தனை பேர் தொடங்கினார்கள், நடுவில் எத்தனை பேர் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேளுங்கள். சுகயீனமான பிள்ளை விலகும், யாழ்ப்பாணத்துக்குப் போகும், வெளிநாடு போகும், எல்லாம் நடக்கும். ஆனால் பத்தாம் தர முடிவில், 'உங்கட பிள்ளைக்கு இது சரிவராது, வேற இடம் பாருங்கோ' என்று மெல்லச் சொல்லி அனுப்பி வைக்கிற வழக்கம் இருந்தால் அதைப் பழைய பெற்றோர்தான் சொல்லுவார்கள், அதிபர் சொல்லமாட்டார்.

தேசியப் பரீட்சை எழுதுகிறார்கள் என்றால், பிள்ளைகள் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுகிறார்களா, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவா என்று கேளுங்கள். லண்டன் பரீட்சை, அதாவது கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானிய அமைப்புகள் நடத்தும் பரீட்சை என்றால் இன்னும் நுணுக்கமாகக் கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜ் புத்தகம் வைத்துப் படிப்பிப்பதும், கேம்பிரிட்ஜில் பதிந்த பள்ளியாக இருப்பதும் ஒன்றல்ல. புத்தகம் யாரும் கடையில் வாங்கலாம். பதிந்த பள்ளிகளைக் கேம்பிரிட்ஜின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

இதில் பெற்றோர் அறவே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜின் ஓ.எல். மட்டப் பரீட்சையான ஐஜிசிஎஸ்இ கணிதத்தில் 'கோர்', 'எக்ஸ்டென்டட்' என்று இரண்டு படிகள். கோர் எழுதுகிற பிள்ளை எவ்வளவு திறமாகச் செய்தாலும் C-க்கு மேல் எடுக்க முடியாது. ஏ ஸ்டார் வரைக்கும் போகும் வழி எக்ஸ்டென்டட்டில்தான் இருக்கிறது. எடெக்செல்லிலும் அப்படித்தான், பவுண்டேசன் படியில் 5க்கு மேல் கிரேட் கிடையாது; 9 வரை வேண்டுமென்றால் ஹையர் எழுத வேண்டும். பிள்ளைகளைச் சத்தமில்லாமல் கீழ்ப் படியில் எழுதவைத்தாலும் 'எல்லோரும் சித்தி' என்று பதாகை கட்டலாம். ஆங்கிலத்திலும் முதல் மொழிப் பாடம் வேறு, இரண்டாம் மொழிப் பாடம் வேறு. எதை எழுத வைக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்பவர் சட்டென்று சொன்னால் நல்லது. "அதெல்லாம் பிறகு பாப்பம், பிள்ளை இப்பதானே மூண்டாம் தரம்" என்றால், அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் ஏழாம் தரத்தோடு நிற்கிற புதுப் பள்ளி என்றால் பொதுப் பரீட்சைப் பெறுபேறே இருக்காது. அங்கே தவணைப் பரீட்சைப் புள்ளி மட்டும்தான். வினாத்தாளைப் போடுவதும் அவர்கள், திருத்துவதும் அவர்கள், தேர்ச்சி அறிக்கையில் 96 போடுவதும் அவர்கள். இதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 1980இல் இருந்து அரசு இலவசமாகக் கொடுத்து வருகிற பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் வாரியாக இருக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு தரத்திலும் பிள்ளைக்கு என்னென்ன வரவேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். அரச பாடசாலைகளின் பழைய தவணை வினாத்தாள்கள் போட்டோக்கொப்பிக் கடைகளில் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை காலமை, பிள்ளை நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய பிறகு, அதே தரத்து வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்து முழுசிப் பார்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து புள்ளி குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பழகாத வினா அமைப்பு அவ்வளவு குறைக்கும். 96 எடுத்த பிள்ளை பாதியில் வந்து நின்றால் அந்த 96ஐப் பற்றி யோசிக்க வேண்டும்.

புள்ளியைப் பற்றிக் கதைக்கும்போது ரியூசனை விட்டுவிட்டுக் கதைக்க முடியாது. அந்த வகுப்பில் முதல் மூன்று பிள்ளைகள் பின்னேரம் எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரே ரியூசன் கொட்டிலுக்குப் போகிறார்கள் என்றால், அந்தப் புள்ளி கொட்டில் சேரின் உழைப்பு. மாதாமாதம் பள்ளிக்கும் கட்டி ரியூசனுக்கும் கட்டுகிற அப்பாவுக்கு இது தெரியவேண்டும். அரச பள்ளிகளிலும் இதே கதைதான், மறைக்கவில்லை. ஆனால் அங்கே மாதக் கட்டணம் இல்லை.

ஆசிரியர்கள். வன்னித் தனியார் பள்ளிகளில் பல இடங்களில் படிப்பிக்கிறவர்கள் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ பட்டம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருக்கிற இளம் பிள்ளைகள். சில இடங்களில் ஏ.எல். முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்கு இருக்கிறவர்கள். அவர்களில் அபாரமாகப் படிப்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 503 கணக்கு ரீச்சரும் அப்படி ஒருவர்தான். பிரச்சினை, நியமனக் கடிதம் வந்தால் தவணை நடுவிலும் போய்விடுவார்கள். அந்தச் சம்பளத்துக்கு யார் நிற்பார்? ஆகவே 'ரீச்சர் என்ன படித்தவர்' என்பதோடு, 'எவ்வளவு காலம் இங்கே', 'இவருக்கு முதல் யார்', 'அவர் போனபோது யார் எடுத்தார்' என்றும் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஒருவராவது மேலே இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். வவுனியா கல்வியியற் கல்லூரி மாதிரி இடங்களில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி செய்து வருகிறார்கள். அப்படி வந்து ஓய்வு பெற்ற ஒரு பழைய ரீச்சர் அந்தப் பள்ளியில் ஆரம்பப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அதிபரிடம் நான் எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கேள்வி: "போன தவணை கணிதத்தில் குறைந்த பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள்?" பெரிய கட்டடத்தில் வந்த பதில், "எங்களிட்ட குறையிற பிள்ளையே இல்லை, சேர்." இன்னொரு இடத்தில், "பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னம்." சின்ன இடத்தில் அதிபராக இருந்த அம்மா ஒரு சீஆர் கொப்பியை (தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி) எடுத்து வந்தார். ஆறு பிள்ளைகளின் பெயர், எதில் குறைவு, புதன்கிழமை பின்னேரம் யார் அவர்களை வைத்திருக்கிறார், என்ன செய்தார்கள். இரண்டு பெயருக்கு நேரே 'இன்னும் வரவில்லை' என்று எழுதியிருந்தது. அதை என்னிடம் மறைக்கவும் இல்லை.

விஞ்ஞான ஆய்வுகூடம், நூலகம் இரண்டையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். இரசாயனப் போத்தல்களின் மூடி திறந்திருக்கிறதா, லிற்மஸ் தாள் பைக்கற் உடைத்திருக்கிறதா, சோதனைக் குழாயில் ஒன்றிரண்டு வெடித்திருக்கிறதா. நூலகத்தில் புத்தகத்தின் கடைசி ஒற்றையில் திகதி முத்திரை இருக்கிறதா. எல்லாம் புத்தம் புதிதாக அடுக்கியிருந்தால் அது பெற்றோருக்காக வைத்தது.

ஆங்கிலம்தான் சிக்கலான இடம். பெற்றோர் அதற்காகத்தான் வருகிறார்கள். ஒரு வகுப்பில் ஆறாம் தரத்துப் பிள்ளை ஒன்று எழும்பி ஒளித்தொகுப்புக்கு ஆங்கிலத்தில் வரைவிலக்கணம் சொன்னது, மூச்சு விடாமல். கைதட்டினார்கள். நான் கேட்டேன், வயல் கரையில் மரநிழலுக்குள் நிற்கிற நெல் ஏன் மெலிந்து மஞ்சளாக நிற்கிறது? இரணைமடுத் தண்ணியில் காலபோகமும் சிறுபோகமும் பார்த்து வளர்கிற பிள்ளை அது. கண்ணை மேலே உருட்டி யோசித்துவிட்டு, "வெயில் காணாது… அப்ப அதால சாப்பாடு செய்யேலாது…" என்று தொடங்கியது. சரியான இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. உடனே ரீச்சர், "இன் இங்கிலிஷ், இன் இங்கிலிஷ்" என்றார். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. திரும்ப அந்த வரைவிலக்கணத்தையே சொன்னது.

ஆங்கில மொழிமூலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் இருந்தால் பிள்ளை முதலில் தமிழில் யோசித்ததைப் பிடித்து, அதை ஆங்கிலத்தில் சொல்ல உதவி செய்வார். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கக் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும். வகுப்புக்குள் பத்து நிமிடம் இருக்க விடுவீர்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. காசை அங்கே கட்டாமல் வரும் உரிமை உங்களுக்கும் உண்டு.

கடைசியாக, வெளியே வரும் வழி. சேரும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. பிள்ளை எந்தப் பரீட்சையை நோக்கிப் போகிறது என்று தெரியாமல் பாடத்திட்டத்தைத் தெரிவு செய்யக்கூடாது. இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் ஏ.எல். இசட் புள்ளியில் (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கிற புள்ளி) நடக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி வரிசை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் வருகின்றன. லண்டன் ஏ.எல். எழுதினால் இசட் புள்ளி இல்லை. வெளிநாட்டிலோ தனியார் பல்கலைக்கழகத்திலோ படிக்க வைக்க வசதி உள்ள வீட்டுக்கு அது பிரச்சினையில்லை. இரண்டு ஏக்கர் வயலை நம்பி இருக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நடுவில் அரச பள்ளிக்கு மாற நினைத்தால் அந்தத் தரத்தில் இடம் இருக்க வேண்டும், விடுகைப் பத்திரம் வேண்டும், பாடத்திட்டமும் பொருந்த வேண்டும். சமயம், தமிழ், வரலாறு மூன்றும் உள்ளூர் ஓ.எல்.இல் கட்டாயப் பாடங்கள். தனியார் பள்ளி அவற்றைக் கிழமைக்கு ஒரு பாடவேளையாகச் சுருக்கியிருந்தால், மாறி வருகிற பிள்ளை அங்கேதான் திணறும். சேர்க்க முதலே வலயப் பணிமனையில் போய் ஒருதரம் விசாரித்துவிடுங்கள். கட்டிய வைப்புப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மருமகள் அந்தச் சின்ன இடத்தில்தான் சேர்த்தாள். மலசலகூடம் இப்போது மூன்று. ஐந்தாம் தரத்தோடு அரச பள்ளிக்கு மாற்றுவதென்று முதலே முடிவெடுத்து, அதனால் உள்ளூர்ப் பாடத்திட்டத்தில்தான் படிக்க வைக்கிறாள். பிள்ளை இப்போது ஐந்தாம் தரம். 503 கணக்குக் கொடுத்த ரீச்சருக்கு இந்தத் தவணை நியமனம் வந்து முல்லைத்தீவுக்குப் போய்விட்டார். அரச பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. புது ரீச்சர் வந்ததில் இருந்து மருமகள் ஒவ்வொரு வெள்ளியும் கணிதக் கொப்பியைப் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். இதுவரை வந்ததெல்லாம் சரி, சரி, சரி. ஒரு இடத்தில் நெடும்பிரித்தலில் மீதி பிழை, அதற்கும் சரி. "பொறுத்துப் பாப்பமோ மாமா, இல்லாட்டி இப்பவே அதிபரிட்டச் சொல்லுவமோ?" என்று கேட்டாள். திங்கட்கிழமை கொப்பியோடு போகச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா சீஆர் கொப்பியை எடுக்கிறாரா என்று பார்ப்போம்.